அகதிகளின் அடுப்பும் விளக்கும்

மனித வாழ்வுக்கு இன்றியமையாதன யாவை என வினவினால், உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையுமே விடையாகக் கூறுவது நம் வழக்கம். இம்மூன்றையும் அடுத்து நான்காவதாக ஒன்று உண்டென்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது எரிபொருள். அரிசியும் பருப்பும் வீட்டில் நிறைந்திருந்தும், அவற்றை வேகவைக்க வழியில்லையேல் உலை ஏறாது, பசியும் தீராது. ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய விரும்புவோர், "அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா?" என்று கேட்பதும் இதனாலேயே போலும்.

அகதி என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். யுத்தத்தினாலும் கொடுமையினாலும் வீட்டையும் நிலத்தையும் துறந்து ஓடியவர்களின் தொகை, ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் எடுத்த கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டின் முடிவில் 12 கோடியே 30 லட்சத்துக்கும் மேலாயிற்று. இவர்கள் எல்லாரும் முகாம்களில் வாழ்பவரல்லர். ஆயினும் முகாம்களைச் சேர்ந்தோருக்குத் தானியம், பருப்பு, எண்ணெய் முதலியன அளந்து வழங்கப்படுதல் உண்டு. அவற்றைச் சமைப்பதற்கு வேண்டிய விறகு அவ்வாறு அளந்து வழங்கப்படுதல் அரிது. 2015-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிலுள்ள சாத்தம் ஹவுஸ் என்னும் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கையொன்று, முகாம்களில் வாழ்வோருள் நூற்றுக்கு எண்பது பேர் மின்சாரமின்றி, விறகு முதலியவற்றையே நம்பிச் சமைத்து வந்தனர் என மதிப்பிட்டது. இத்தகையோருக்குச் சூரியனது சக்தி எவ்வளவு துணை செய்யக்கூடும், எவ்விடத்தில் அத்துணை குறைபடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விறகைத் தேடிய வழி

பொதுப்படக் கூறுவதினும் ஓரிடத்து நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வது தெளிவு தரும். சூடான் தேசத்தின் மேற்குப் பகுதியாகிய டார்ஃபூரில் 2003-ஆம் ஆண்டு போர் மூண்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் எல்லையைக் கடந்து, அண்டை நாடாகிய சாட் தேசத்தின் கிழக்குப் பகுதியை அடைந்தனர். அப்பிரதேசம் சகாரா பாலைவனத்தை ஒட்டியது, மழை அருகியது, ஆங்காங்கு நிற்கும் முள்மரங்களே அந்நிலத்தின் செல்வம். பல்லாயிரம் குடும்பங்கள் ஓரிடத்தே வந்து தங்கியவுடன் அருகிலிருந்த மரங்கள் விரைவில் அழிந்தன. பின்னர் விறகுக்காக நடக்கவேண்டிய தூரம் மாதந்தோறும் நீண்டது. அம்மரங்களையே நம்பி வாழ்ந்த உள்நாட்டு மக்களுக்கும் அகதிகளுக்கும் மனத்தாங்கலும் பூசலும் உண்டாயின.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. விறகு தேடிச் சென்றவர்கள் பெண்களும் சிறுமியருமே. எல்லையற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டார்ஃபூரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்திய நாலைந்து மாதங்களில், வன்கொடுமைக்கு ஆளாகி அந்நிறுவனத்தாரிடம் சிகிச்சைக்கு வந்த பெண்கள் ஏறத்தாழ 500 பேர். அவர்களுள் நூற்றுக்கு எண்பத்திருவர், விறகு பொறுக்குதல், நீர் கொணர்தல் போன்ற அன்றாடப் பணிகளைச் செய்கையிலேயே அக்கொடுமைக்கு உள்ளாயினர் என அவ்வறிக்கை கூறியது. ஆடவர் வெளியே சென்றால் கொல்லப்படுவர், பெண்டிர் சென்றால் உயிரோடேனும் மீள்வர் எனத் தாமே தேர்ந்து சென்றதாக அப்பெண்கள் பலர் கூறியதும் உண்டு. ஒரு வேளைக் கஞ்சிக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்கவேண்டியிருந்தது.

விளக்குக்கும் அடுப்புக்கும் உள்ள வேற்றுமை

இத்தகைய குடும்பங்களுக்கு உதவ விழைவோர் இக்காலத்தில் முதலில் எண்ணுவது சூரிய விளக்கையே. எளிதில் எடுத்துச் செல்லக்கூடியதும், விலை குறைந்ததும், உடனே பயன் தருவதுமான சாதனம் அது. ஆயினும், விளக்கு கொடுத்ததனால் எரிபொருள் வறுமை நீங்கிவிட்டதென ஒருவர் கருதுவாராயின், அவர் பெரியதொரு பிழை செய்தவராவர். ஏன் எனில், ஒரு குடும்பத்தின் விளக்குக்கு வேண்டிய சக்தியும் அடுப்புக்கு வேண்டிய சக்தியும் அளவில் மிகவும் வேறுபட்டவை. இதனைச் சிறியதொரு கணக்கினால் விளக்கலாம்.

இக்காலத்து எல்.இ.டி. விளக்கொன்று 3 வாட் மின்சாரத்தைக் கொண்டே, பழைய 25 வாட் குமிழ் விளக்கு தந்த அளவு ஒளியைத் தரும். அதனை இரவில் 4 மணி நேரம் எரித்தால் செலவாகும் சக்தி ஏறத்தாழ 43 கிலோஜூல். இனி அடுப்பைக் கவனிப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்றுவதற்கு 4.2 கிலோஜூல் வேண்டும். 25 பாகையிலுள்ள 5 லிட்டர் நீரைக் கொதிநிலையாகிய 100 பாகைக்கு உயர்த்துவதற்கு, 4.2-ஐ 5-ஆலும் 75-ஆலும் பெருக்க, 1575 கிலோஜூல் ஆகிறது. இது விளக்கின் செலவைப்போல் 36 மடங்கு. பாத்திரத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் வீணாகும் உஷ்ணத்தை இதில் நாம் சேர்க்கவில்லை. நீர் கொதித்த பின்னர்ப் பருப்பு வேகும் நேரத்தையும் சேர்க்கவில்லை.

ஒரு குடிலின் கூரையில் வைக்கத்தக்க 10 வாட் மின்தகடு, 5 மணி நேர நல்ல வெயிலில் 180 கிலோஜூல் ஈட்டும். விளக்குக்கு அது போதுமானதற்கும் அதிகம், கைத்தொலைபேசிக்கும் மின்னேற்றலாம். ஆனால் மேற்சொன்ன ஐந்து லிட்டர் நீரைக் கொதிக்கவைப்பதற்கோ, அத்தகைய தகடுகள் ஏறக்குறைய ஒன்பது, தம் ஒரு நாள் வருமானம் முழுவதையும் செலவிடல் வேண்டும். ஆகவே விளக்கைப் பெற்ற தாய், மறுநாட் காலையில் முன்போலவே விறகுக்குச் செல்வாள். அவ்விளக்கு ஒரு சுள்ளியையும் மிச்சப்படுத்துவதில்லை.

இவ்வாறு கூறுதலால் விளக்கை இகழ்ந்தோம் என எண்ணற்க. துணியாலும் ஓலையாலும் ஆகிய குடிலுள் மண்ணெண்ணெய் விளக்கு எப்பொழுதும் அபாயம். அதன் புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கு. சூரிய விளக்கில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. சிறுவர் இரவில் படிப்பதற்கும், தையல் முதலிய தொழில் செய்வதற்கும், பிரசவ காலத்தில் மருத்துவச்சி தன் கடமையைச் செய்வதற்கும், இருளில் கழிப்பிடம் வரை சென்று மீள்வதற்கும் அது துணையாகிறது. அதன் அமைப்பும் எளிது. தகட்டிலுள்ள சிலிக்கன் என்னும் பொருளின்மீது சூரிய ஒளி படுங்கால் மின்சாரம் உண்டாகிறது. அம்மின்சாரம் பகல் முழுதும் ஒரு சிறு பேட்டரியிற் சேமிக்கப்பட்டு இரவில் செலவாகிறது. தகடு நெடுங்காலம் உழைக்கும். பேட்டரியோ சில ஆண்டுகளில் தளர்ந்துபோம். தகட்டின்மேற் படியும் புழுதியைத் துடைத்தலும், தளர்ந்த பேட்டரியை மாற்றுதலும் முகாமிலேயே நடைபெறும்படி சிலரைப் பயிற்றாவிடில், கொடுத்த விளக்குகள் சில ஆண்டுகளில் குப்பையாகக் குவியும்.

வெயிலையே அடுப்பாக்குதல்

இனி அடுப்புக்கு வழி யாது? சூரியன் நமக்கு வழங்கும் சக்தி குறைந்ததன்று. தெளிந்த வானில் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1000 வாட் சக்தி பொழிகிறது. அரை மணி நேரத்தில் அது 1800 கிலோஜூல் ஆகும். நம் ஐந்து லிட்டர் நீருக்கு வேண்டியதினும் மிகுதி. ஆனால் மின்தகடு தன்மேல் விழும் சக்தியில் ஐந்திலொரு பங்கையே மின்சாரமாக மாற்றுகிறது. கரிய பாத்திரமோ தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை உஷ்ணமாகவே ஏற்றுக்கொள்கிறது. சமையலுக்கு வேண்டுவது உஷ்ணமே ஆதலின், வெயிலை மின்சாரமாக மாற்றிப் பின் மீண்டும் உஷ்ணமாக மாற்றுவானேன்? நேரே உஷ்ணமாகப் பிடித்தல் எளிதன்றோ?

இவ்வெண்ணம் புதியதன்று. ஜெனீவா நகரத்து விஞ்ஞானி சொசூர் என்பார் 1767-ஆம் ஆண்டிலேயே கண்ணாடி மூடிய பெட்டியுள் வெயிலை அடைத்து, நீரின் கொதிநிலையையும் கடந்த உஷ்ணத்தை உண்டாக்கிக் காட்டினார். நம் நாட்டில் பம்பாயிலிருந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துச் சமைத்துப் பார்த்து, வெப்ப நாடுகளில் விறகுக்குப் பதிலாகச் சூரிய உஷ்ணத்தைப் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி 1878-இல் ஒரு நூலே எழுதினார்.

அகதிகளுக்கு ஏற்றதாக அமைந்தது குக்கிட் என்னும் சாதனம். பிரான்சு நாட்டு ரோஜர் பெர்னார் என்பாரது கருத்தைத் தழுவி, சோலார் குக்கர்ஸ் இன்டர்நேஷனல் என்னும் சங்கத்தார் 1994-இல் இதனை உருவாக்கினர். ஓர் அட்டையின்மேல் பளபளக்கும் அலுமினியத் தாளை ஒட்டி, குறித்த கோடுகளின்படி மடித்து நிறுத்தினால் அடுப்பு ஆயிற்று. கறுப்பு நிறம் பூசிய மூடியுள்ள பாத்திரத்தில் உணவை இட்டு, அப்பாத்திரத்தை உஷ்ணம் தாங்கும் பிளாஸ்டிக் பையினுள் வைத்து வாய் கட்டி, அட்டையின் நடுவே அமர்த்துவர். தாள் வெயிலைப் பாத்திரத்தின்மேல் திருப்புகிறது. கரிய பாத்திரம் அதனை உஷ்ணமாக்குகிறது. பை அவ்வுஷ்ணத்தைக் காற்று கவர்ந்து செல்லாமல் தடுக்கிறது. நெருப்பின் உஷ்ணம் இதற்கில்லை. ஆயினும் 80 பாகைக்கு மேல் உணவு வேகத் தொடங்கும் ஆதலின், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் சோறும் பருப்பும் கிழங்கும் பதமாகின்றன. அடி பிடிப்பதில்லை, கண்கலங்க ஊதவேண்டுவதுமில்லை. குடிநீரை 65 பாகைக்குச் சூடாக்கிச் சிறிது நேரம் வைத்திருந்தால் நோய்க் கிருமிகள் அழியும். அதற்கும் இச்சாதனம் போதும். மடித்தால் கக்கத்தில் இடுக்கிச் செல்லலாம்.

கென்யா தேசத்தின் வடமேற்கே ககுமா என்னுமிடத்து முகாமில் 1995-ஆம் ஆண்டில் இவ்வடுப்பு அறிமுகமாயிற்று. டார்ஃபூர் அகதிகள் தங்கிய இரிடிமி முகாமில், ஹாலந்து நாட்டுக் கோசோன் நிறுவனமும் அமெரிக்க நாட்டு ஜூயிஷ் வேர்ல்ட் வாட்ச் என்னும் நிறுவனமும் மேற்சொன்ன சங்கமும் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டளவில் இதனைப் பரப்பின. அங்கே அடுப்புகளை வெளியிலிருந்து கொணர்ந்து இலவசமாக வீசிவிடவில்லை. அகதிப் பெண்களே முகாமில் அட்டையை வெட்டி, தாளை ஒட்டி, அடுப்புகளைச் செய்து கூலி பெற்றனர். கற்றுக்கொண்டவர்கள் மற்றவர்க்குக் கற்பித்தனர். விறகுக்குச் செல்லும் பயணங்கள் குறைந்தன. இவ்வளவும் ஓர் அட்டையும் ஒரு தாளும் செய்த உபகாரம்.

குறைகள்

குறைகளைக் கூறாது விடுதல் உண்மைக்கு இழுக்கு. முதலாவது, சூரியன் நம் பசி வேளைகளுக்குக் கட்டுப்பட்டவனல்லன். விடியற்காலைத் தேநீருக்கும், இரவு உணவுக்கும், மேகமூட்டமுள்ள நாளுக்கும் இவ்வடுப்பு உதவாது. இரண்டாவது, அப்பிரதேசங்களில் வீசும் புழுதிக் காற்று இலேசான அட்டையைக் கவிழ்த்துவிடும். மழையும் கறையானும் அட்டையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் பை கிழிந்தால் புதிது வேண்டும். மூன்றாவது, உணவின் இயல்பு. டார்ஃபூர் மக்களின் நித்திய உணவாகிய அசீதா, நம் நாட்டுக் கேழ்வரகுக் களியைப் போல, மாவைக் கொதிநீரில் இட்டு வலிந்து கிளறிச் செய்யப்படுவது. கட்டிய பையைக் கிளறுவதற்காக அடிக்கடி அவிழ்த்தால் சேர்ந்த உஷ்ணமெல்லாம் போய்விடும். களி கிண்டத் தெரிந்த எந்தப் பாட்டியும் இக்குறையை ஒரு நொடியில் கண்டுகொள்வாள். சாதனத்தை வரைந்த நிபுணருக்கோ அது தோன்றாதிருக்கக்கூடும். நான்காவது, ஒரு சிறு பாத்திரம் பெரிய குடும்பத்துக்குப் போதாது. களிக்கு ஒன்றும் குழம்புக்கு ஒன்றுமாக இரண்டு அடுப்புகளேனும் வேண்டும்.

ஆகவே அனுபவசாலிகள், சூரிய அடுப்பைத் தனியே நிறுத்தாது, வேறு இரண்டு சாதனங்களோடு சேர்த்தே பரிந்துரைப்பர். ஒன்று, குறைந்த சுள்ளியால் மிகுந்த உஷ்ணம் தரும்படி மண்ணால் அமைத்த மேம்பட்ட அடுப்பு. மூன்று கற்களின் நடுவே மூட்டும் திறந்த தீயில் விறகின் உஷ்ணத்திற் பெரும்பகுதி காற்றோடு போகிறது. அதைத் தடுப்பதே இதன் வேலை. மற்றொன்று, வைக்கோலோ கந்தைத்துணியோ நிரப்பிய கூடை. பகலில் வெயிலில் வெந்த பாத்திரத்தை மாலையில் இதனுட் பொதிந்து வைத்தால் இரவு வரை சூடு ஆறாது.

மின்சாரத்தால் சமைத்தலும் முன்போல் எட்டாக் கனியன்று. மின்தகட்டின் விலையும் பேட்டரியின் விலையும் அண்மைக் காலத்திற் பெரிதும் இறங்கிவிட்டன. உஷ்ணம் வெளியேறாதபடி உறையிட்ட மின் அழுத்தக் குக்கர், சாதாரண மின் அடுப்பினும் மிகக் குறைந்த சக்தியில் பருப்பை வேகவைக்கிறது. ஆயினும் அதற்கு 10 வாட் தகடு போதாது. 150 அல்லது 200 வாட் தகடும், தூக்கிச் செல்லக்கூடியதாயினும் கனத்த பேட்டரியும் வேண்டும். ஒரு விளக்கின் விலையோடு இதன் விலையை ஒப்பிடலாகாது.

எல்லா இடத்திற்கும் சூரியனே தக்கவன் என்பதுமில்லை. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற்குப் பின் மியன்மாரிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்காள தேசத்துக் காக்ஸ் பஜார்ப் பிரதேசத்தை அடைந்தனர். விறகுக்காக அங்குள்ள குன்றுகள் மொட்டையாயின. மாதக்கணக்கில் மழை பொழியும் அவ்விடத்தில், 2018 முதல் சமையல் வாயு உருளைகளே குடும்பந்தோறும் வழங்கப்பட்டன. குன்றுகளில் மரம் வெட்டுதல் குறைந்து, மீண்டும் கன்றுகள் நடப்பட்டன. வெயில் மிகுந்த ஜோர்தான் தேசத்திலோ, அஸ்ரக் முகாமில் 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 2 மெகாவாட் ஆற்றலுள்ள சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. 2014-இல் தொடங்கிய நாள்முதல் இருளில் இருந்த சிரியா தேசத்துக் குடும்பங்களுக்கு அதனால் விளக்கும் விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் வாய்த்தன. இடம், பருவம், உணவு ஆகிய மூன்றும் சேர்ந்தே சாதனத்தைத் தீர்மானிக்கவேண்டும்.

சாதனத்தால் ஆகாதது

இன்னும் ஒன்று. அடுப்பைக் கொடுத்ததனாலேயே பெண்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது எனவும் கருதலாகாது. அகதிப் பெண்கள் நலத்துக்கென அமெரிக்காவில் அமைந்த குழுவொன்று 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதனை வற்புறுத்தியது. பல பெண்கள் விறகைத் தம் வீட்டுக்கு மட்டுமன்றி, சந்தையில் விற்றுச் சில காசு பெறுவதற்காகவும் தேடிச் சென்றனர். அவர்களுக்குச் சூரிய அடுப்பு கிடைத்தாலும் காசுக்கு வேறு வழி கிடைத்தாலன்றி அப்பயணம் நிற்காது. இரிடிமியில் அடுப்பு செய்யும் தொழிலுக்குக் கூலி கொடுத்தது இவ்வகையில் மிகவும் பொருத்தமான செயல். அதனோடு, வழியிற் காவலும் குற்றவாளிக்குத் தண்டனையும் வேண்டும். அவை அட்டையாலும் தாளாலும் ஆகக்கூடியவையல்ல.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சூடானில் மீண்டும் போர் மூண்டு, லட்சக்கணக்கானோர் அதே எல்லையைக் கடந்து அதே கிழக்குச் சாட் பிரதேசத்தை அடைந்துள்ளனர். இருபது ஆண்டுகளுக்கு முன் மரம் அழிந்த நிலத்திலேயே புதிய குடில்கள் எழுந்திருக்கின்றன. முன்னர்க் கற்ற பாடம் மறக்கப்பட்டால், விறகைத் தேடும் வழியில் முன்னர் நிகழ்ந்தவையே மீண்டும் நிகழும். ஆதலின் இவ்விஷயம் பழங்கதையன்று.

மாணவ நண்பர்களே, மேற்கூறிய கணக்கு நம் கல்லூரிப் பௌதிக வகுப்பில் முதலாண்டிலேயே கற்பது. ஓர் அட்டை, ஓர் அலுமினியத் தாள், ஒரு கறுத்த பாத்திரம், ஓர் உஷ்ணமானி ஆகியவற்றைக் கொண்டு கோடைக்கால நண்பகலில் நீங்களே மொட்டை மாடியிற் சோதித்துப் பார்க்கலாம். அவ்வாறு சோதிப்பவர், ஒரு படி அரிசி வேகும் வரை காத்திருந்து, அதனை உண்டும் பார்ப்பாராக. பின்னர் வீடு சென்று, தம் தாயாரிடம் அச்சோற்றைப் பற்றியும், அவ்வடுப்பில் களி கிண்டமுடியுமா என்பதைப் பற்றியும் கேட்பாராக. அவர் கூறும் குறைகளைத் தாளில் எழுதிக்கொண்டு, அவற்றைத் தீர்க்கும் வழியை நாடுதலே இத்துறையில் ஒருவர் தொடங்கத்தக்க நல்ல ஆராய்ச்சி. அகதிகளின் முகாமிலும், அடுப்படியில் அமர்ந்திருப்பவளைக் கேட்ட பின்னரே அவளுக்கு அடுப்பு செய்யத் தொடங்கவேண்டும் என்பதே இதுகாறும் நடந்த முயற்சிகள் நமக்கு உணர்த்துவது.